கூடத்துக்கு வரும் 'தொம்' பெட்டி!

சினிமாவில் இடி இடித்தால் நம் வீட்டு சோபாவும் கூடவே அதிர வேண்டும். இது இந்தக் காலத்துப் பிள்ளைகளின் ஆசை. அதற்கென்றே 'ஸப்-ஊஃபர்' என்று ஒரு ஸ்பீக்கர் இருக்கிறது. விநாடிக்குச் சுமார் 20 தடவை முதல் 80, 100 தடவை வரை அதிரும் அடித்தொண்டை ஒலிகளை மட்டும் தருவது அதன் வேலை.

"ஐயோ, இதெல்லாம் ஆம்பிளைங்க சமாசாரம்" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள், சகோதரிகளே! பெட்டி வந்து உட்காரப் போவது நம் கூடத்தில். அதைச் சுற்றிப் பெருக்கித் துடைக்கப் போவது நாம். அதன் அதிர்வு போய் முட்டப் போவது ஏதோ ஒரு வீட்டுத் தொட்டிலில். ஆகவே, காலேஜில் படிக்கும் என் பிள்ளை, "கடையில வாங்கற செட்டு வேண்டாம்மா, பெட்டியை நாமே செஞ்சுடலாம்" என்றபோது, "செய்யலாம்டா, ஆனா ஒவ்வொரு அளவும் எனக்குப் புரியணும்" என்று சொல்லிவிட்டேன்.

ஸ்பீக்கர் இருக்கும்போது பெட்டி எதற்கு? நானும் இதைத்தான் கேட்டேன். ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் தள்ளும்போது முன்பக்கக் காற்று நெருங்குகிறது. அதே நொடியில் பின்பக்கக் காற்று விலகுகிறது. இரண்டும் சுற்றி வந்து கலந்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். பெட்டியில்லாத ஸ்பீக்கர் 'கீச் கீச்' என்று பாடுமே தவிர, 'தொம்' வரவே வராது. பின்பக்க ஒலியை அடைத்து வைப்பதுதான் பெட்டியின் முதல் வேலை.

ஒரு காலத்தில் நல்ல 'தொம்' வேண்டுமென்றால் பீரோ அளவுக்குப் பெட்டி வேண்டியிருந்தது. 1954-இல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் என்பவர் தளர்வாகத் தொங்கும் கூம்பை, காற்றுப் புகாத சிறிய பெட்டியில் மூடிவிட்டார். சைக்கிள் பம்ப்பின் வாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு அழுத்திப் பாருங்கள். கைப்பிடி எகிறித் திரும்பி வரும் அல்லவா? அப்படிப் பெட்டிக்குள் அடைபட்ட காற்றே ஸ்பிரிங்காகிக் கூம்பைத் தாங்கியது. புத்தக அலமாரியில் வைக்கிற பெட்டியிலும் ஆழமான ஒலி கிடைத்தது அப்போதுதான்.

அடுத்து அளவு. ரவிக்கைக்கு மார்பு, இடுப்பு, கை என்று அளவெடுப்பது போல ஸ்பீக்கருக்கும் மூன்று அளவுகள் உண்டு. ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் என்பவர் 1961-இல் ஆரம்பித்து வைத்தார். ரிச்சர்ட் ஸ்மால் என்பவர் 1970-களில் அதை முழுமையாக்கினார். இன்று நல்ல கம்பெனி ஸ்பீக்கர் என்றால் கூடவே வரும் தாளில் இந்த அளவுகள் அச்சாகியிருக்கும். தாள் இல்லாத ஸ்பீக்கரை வாங்காதீர்கள். அளவு தெரியாமல் துணி வெட்டுவோமா?

'எஃப்-எஸ்' என்பது கூம்பு தானாக ஆடும் வேகம். 'க்யூ-டி-எஸ்' என்பது தட்டிவிட்டால் எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்பதைக் காட்டும் எண். 'வி-ஏ-எஸ்' என்பது கூம்பின் தொங்கலுக்கு எத்தனை லிட்டர் காற்றின் ஸ்பிரிங் சமம் என்ற கணக்கு. பத்தங்குல ஸ்பீக்கர் ஒன்றுக்கு இவை முறையே 28, 0.45, 42 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.707 என்பது அதிகம் அலறாமலும் வறண்டு போகாமலும் ஒலிக்கிற பெட்டிக்கான எண். அதை 0.45-ஆல் வகுத்தால் 1.57. அதை அதாலேயே பெருக்கினால் 2.47. ஒன்றைக் கழித்தால் 1.47. நாற்பத்திரண்டை அதால் வகுத்தால் சுமார் 28½. ஆக, பெட்டிக்குள் 28½ லிட்டர் காற்று இருக்க வேண்டும். இவ்வளவுதான் கணக்கு! பால் கணக்கைவிடச் சுலபம்.

உள் அளவு 34 செ.மீ. அகலம், 34 உயரம், 26 ஆழம் என்று வைத்தால் 30 லிட்டர் வருகிறது. ஸ்பீக்கரின் பின்புறமும் உள்ளே கொடுக்கும் குறுக்குச் சட்டமும் ஒன்றரை லிட்டரை அடைத்துக்கொள்ளும். மீதி சரியாக இருக்கிறது. 18 மில்லிமீட்டர் பலகையில் முன், பின் இரண்டும் 37.6 சதுரம், பக்கங்கள் இரண்டும் 37.6-க்கு 26, மேல், கீழ் இரண்டும் 34-க்கு 26. நாலுக்கு நாலு அடிப் பலகை ஒன்று வாங்கினால் போதும், மீதியில் ஒரு மணையே செய்துவிடலாம்.

பெட்டியில் இன்னொரு ஜாதியும் உண்டு. ஒரு குழாய் வைத்து வெளியே திறந்துவிடுவது. அதே ஸ்பீக்கரில் இன்னும் கொஞ்சம் 'தொம்' கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் குழாயின் நீளம் சற்றே பிசகினாலும் எல்லாப் பாட்டுக்கும் ஒரே சுருதியில் 'பொம் பொம்' என்று கத்தும். அதோடு, தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் அந்த ஓட்டைக்குள் என்னென்ன போகும் என்று உங்களுக்குச் சொல்லவும் வேண்டுமா? ஸ்பூன், சாவி, பாதி தின்ற பிஸ்கட், அதைத் தேடிக் கரப்பான், கரப்பானைத் தேடிப் பல்லி! நம் வீடுகளுக்கு மூடின பெட்டிதான் என்பது என் கட்சி.

பலகைக்கு எம்.டி.எஃப். நல்லது என்பார்கள், கனமானது, அதிராது. ஆனால் தினமும் ஈரத்துணி போட்டுத் துடைக்கிற நம் தரையில் அதன் அடி ஊறி உப்பிவிடும். நல்ல ப்ளைவுட்டே மேல். இரண்டிலும் பசையில் ஃபார்மால்டிஹைட் உண்டு. அதையும் மரத்தூளையும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு, புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் பட்டியலில் வைத்திருக்கிறது. அதனால் பலகையை மரக்கடையிலேயே மெஷினில் அறுத்து வாங்கிவிடுங்கள். அளவும் பிசகாது. ஸ்பீக்கருக்கான வட்டத்தை ஆசாரியிடம் கொடுத்து, தாளில் உள்ள அளவுப்படி வெட்டச் சொல்லுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது மொட்டைமாடியில், மூக்கை மூடிக்கொண்டுதான். எங்கள் வீட்டில் இதற்குக் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அனுமதி இல்லை என்று நானே வாசலில் நின்றேன்.

ஃபெவிகால் தடவி, ஸ்க்ரூ முடுக்கி, ஒரு நாள் முழுக்கக் காயவிட வேண்டும். உள் இணைப்புகளில் மறுபடியும் பசையைக் கோடாக இழுங்கள். இடுக்கு இருந்தால் 'புஸ்' சத்தம் வந்துவிடும். உள்ளே அடைக்கத் தலையணைக்குப் போடும் பாலியஸ்டர் பஞ்சு போதும், தளர்வாக. இலவம் பஞ்சு வேண்டாம். கூம்பின் விளிம்பு ரப்பராக இருக்கட்டும். ஃபோம் விளிம்பு நம் ஊர் ஈரக்காற்றில் சில வருஷங்களில் பொடிந்துவிடும்.

காற்று கசிகிறதா என்று பார்க்க, விரல்களை அகல விரித்துக் கூம்பை மெல்ல அழுத்தி விடுங்கள். தயங்கித் தயங்கித் திரும்பினால் நல்ல அடைப்பு. சந்தேகமிருந்தால் பாட்டை ஓடவிட்டு ஊதுவத்தியை ஓரங்களில் காட்டுங்கள். புகை எங்கே துள்ளுகிறதோ அங்கே ஓட்டை.

எங்கே வைப்பது? இதற்கு ஒரு வேடிக்கையான வழி உண்டு. நீங்கள் உட்காரும் சோபாவின் மேல் பெட்டியை வைத்துப் பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்துகொண்டே கேளுங்கள். எந்த இடத்தில் எல்லா ஸ்வரங்களும் சமமாகக் கேட்கிறதோ, பெட்டிக்கு அதுதான் இடம். நான் தவழ்ந்தபோது என் பேத்திக்கு ஒரே கும்மாளம், கூடவே வந்தாள்! மூலையில் வைத்தால் சத்தம் தானே கூடும், ஆம்ப்ளிஃபயரைக் குறைத்துக்கொள்ளலாம்.

இனி முக்கியமான விஷயம். எந்தப் பெட்டி செய்தாலும் இந்த ஒலி சுவருக்குள் நிற்காது. விநாடிக்கு 34 தடவை அதிரும் ஒலியின் அலை பத்து மீட்டர் நீளம்! சுவரில் முட்டை அட்டை ஒட்டுகிறார்களே, அதற்கெல்லாம் இது மசியாது. அட்டை தீப்பிடிக்கும் என்பதுதான் மிச்சம். முன்பு எங்களிடம் ஒரு ரெடிமேட் செட் இருந்தது. கடைக்காரர் '4000 வாட்ஸ்' என்று விற்றது. பின்னால் மின்சாரச் செலவு 60 வாட்ஸ் என்று போட்டிருந்தது! ஒரு சாயந்திரம் அது ஓடும்போது, கீழ் வீட்டில் பிரசவத்துக்கு வந்திருந்த பெண் கைக்குழந்தையோடு படியேறி வந்தாள். "மாமி, பாட்டு கேக்கவே இல்லை. ஆனா சுவரு மட்டும் நெஞ்சில இடிக்கிறாப்பல இருக்கு. இவ தூக்கிவாரிப் போட்டு எழுந்துக்கறா." பாட்டு தங்கிவிடும், 'தொம்' மட்டும் கீழே இறங்கும், அதுதான் இதன் குணம்.

புதுப் பெட்டி வந்ததும் நானே கீழே போய், அவள் அறையில் நின்றுகொண்டு, மேலே பிள்ளையைக் குமிழைத் திருகச் சொன்னேன். கீழே கேட்காத இடத்தில் பேனாவால் ஒரு கோடு. அது தாண்டக்கூடாது. குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் என்று 2000-ஆம் வருஷத்து மத்திய அரசு விதிகளே சொல்கின்றன. காதுக்கும் கணக்கு உண்டு: வாரத்துக்கு நாற்பது மணி நேரம் கேட்பதானால் பெரியவர்களுக்கு 80 டெசிபல், குழந்தைகளுக்கு 75 என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. ஃபோனில் அளக்கும் ஆப்கள் அடித்தொண்டை ஒலியைக் குறைத்தே காட்டும். அதை நம்பி ஏற்றாதீர்கள்.

கூம்பின் முன்னால் இரும்பு வலை போட்டுவிடுங்கள். நடுவிலுள்ள குமிழைக் கண்டால் எந்தக் குழந்தையும் விரலால் அமுக்காமல் விடாது. ஆம்ப்ளிஃபயர் சுடும், அதைப் பெட்டிக்கு வெளியே காற்றோட்டமாக, மூன்று முள் ப்ளக்கோடு வையுங்கள். பெட்டியின் எடை பத்துப் பன்னிரண்டு கிலோ வரும். ஸ்டூல் மேலெல்லாம் ஏற்றாமல், இரண்டங்குல ரப்பர் கால் போட்டுத் தரையிலேயே வையுங்கள். அடியில் துடைப்பம் போகும். மேலே பூந்தொட்டியோ போட்டோவோ வேண்டாம், அதிர்வில் நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வந்துவிடும்.