வீடு திரும்பிய பின்னும்

நாசியில் பொருத்திய பிராணவாயுக் குழாயை அகற்றி, கையில் மருந்துச் சீட்டுடன் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பப்படும் நோயாளியை, பிழைத்து வந்தாரே என்ற சந்தோஷத்தில் நாம் பூரண குணமடைந்தவராகவே எண்ணிவிடுகிறோம். கொரோனா விஷயத்தில் அந்த எண்ணம் எவ்வளவு அவசரமானது என்பதை 2020-ஆம் ஆண்டிலேயே ரோம் நகரத்து வைத்தியர்கள் கண்டறிந்தார்கள். அங்குள்ள ஜெமெல்லி மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய 143 பேரை, நோய் தொடங்கி ஏறத்தாழ இரண்டு மாதம் கழித்துப் பரிசீலித்ததில், எந்த உபாதையும் இல்லாதவர்கள் 18 பேர்தாம்.

நோய் முதலில் தலைகாட்டிய ஊஹானில் இவ்வாறு வீடு திரும்பிய 1,733 பேரை, நோய் தொடங்கி ஏறத்தாழ ஆறு மாதத்துக்குப் பின் பரிசோதித்து, 2021 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு 63 பேருக்கு ஆயாசமோ தசைப் பலவீனமோ இருந்தது. நான்கில் ஒருவருக்குச் சரியான நித்திரை இல்லை. அவர்களில் பெரும்பாலோருக்கு ஆறு நிமிஷ நடைச் சோதனையும் நடந்தது. தாழ்வாரத்தில் இரு குறிகளுக்கிடையே, ஓடாமல், இயன்ற வேகத்தில் போய்வர வேண்டும். மூச்சு இரைத்தால் நின்று இளைப்பாறலாம், ஆனால் அந்த நேரமும் கணக்கில் சேரும். நாம் யோசியாமல் செய்யும் இந்த எளிய காரியத்தில், ஏறத்தாழ நான்கில் ஒருவரால் தமக்குரிய குறைந்தபட்ச தூரத்தைக்கூட எட்ட முடியவில்லை.

காரணம் ஒன்றல்ல. சிலருக்கு நுரையீரலில் தழும்பு விழுந்திருக்கிறது. சிலருக்குப் படுக்கையிலேயே கிடந்து தசை கரைந்திருக்கிறது. இன்னும் சிலருக்கு, கிருமியோடு போரிட எழுந்த உடலின் எதிர்ப்புச் சக்தி அடங்காமலே இருக்கிறது. தசை கரைந்தவருக்குப் படிப்படியான தேகப்பயிற்சி நன்மை செய்யும். ஆனால் இன்று சற்று அதிகமாக உழைத்துவிட்டு, நாளையும் மறுநாளும் எழுந்திருக்க முடியாமல் படுத்துவிடுகிறவருக்கு அதே பயிற்சி தீங்காகும். அவர் தம் சக்தியை அளந்து செலவிட்டு, களைப்பு வருவதற்கு முன்பே ஓய்வு கொள்ள வேண்டும். இந்தப் பேதம் தெரியாமல், எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லையே, எல்லாம் மனப்பிரமை என்று சொல்லிவிடுவதைப்போல் அநியாயம் வேறில்லை.

ஆகவே, வீட்டிலுள்ளவர்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான்: நோயிலிருந்து திரும்பியவர் அசதியாக இருக்கிறது என்றால் நம்புங்கள், சோம்பல் என்று பேர் சூட்டாதீர்கள். மூச்சுத் திணறல் மிகுந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, நினைவு தடுமாறினாலோ மட்டும் ஒரு கணமும் தாமதிக்காமல் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.