உங்களுக்குத் தெரியுமா? அசிட்டிலீனுக்குச் செம்புக் குழாய் ஆகாது!

வெல்டிங் பட்டறையில் அசிட்டிலீன் வாயுவுக்கு எஃகுக் குழாய்தான் பதிக்க வேண்டும். செம்போடு சேர்ந்தால் அது காப்பர் அசிட்டிலைடு என்ற உப்பாக மாறும்; காய்ந்தபின் லேசான தட்டலுக்கே வெடிக்கும் உப்பு அது. செம்பு 70 சதவீதத்துக்கு மேல் கலந்த பித்தளைக்கும் இதே தடை. அழுத்தமும் முக்கியம். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதிப்படி சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் காற்றே இல்லாமலும் அசிட்டிலீன் தானாகச் சிதைந்து வெடிக்கக்கூடும்.

அசிட்டிலீனோடு சேர்த்து எரிக்கும் ஆக்சிஜனின் குழாய்க்கு எதிரி வேறு: எண்ணெய், கிரீஸ். மரை இறுகிக்கொண்டால் ஒரு சொட்டு எண்ணெய் விடுவது மெக்கானிக்குகளின் கைப்பழக்கம். இங்கே அதுவே தீயை மூட்டிவிடும். இரண்டு இணைப்பும் மாறிவிடாதிருக்க, அசிட்டிலீன் நட்டுக்கு இடதுமரை. முனைகளில் வெட்டுக்குறியும் இருக்கும். திருகுமுன் அதைப் பாருங்கள்.