நெற்களஞ்சியத்தின் ஓட்டுக் கூரையைப் பரிசோதித்தல்

கண்டியைச் சூழவுள்ள வயல்களில் விளையும் சிறுபோக நெல் ஆகஸ்ட், செப்டெம்பர் மாதங்களிற் களஞ்சியம் சேர்கின்றது. அதனை அடுத்து, ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் மாலை வேளைகளில் இடியுடன் கூடிய பெருமழை பொழிகின்றது. நூற்றுக்கு 13 பங்கு ஈரம் மட்டும் இருக்கும்படி காயவைத்த நெல்லாயினும், ஒழுக்கு நீர் பட்டால் சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும். விதைநெல்லும் போஞ்சி விதையும் முளைதிறனை இழக்கும்.

கூரை ஒழுகினால் உடைந்த ஓட்டைத் தேடுவது வழக்கம். ஆயினும், ஓர் ஓடும் உடையாதிருக்கவே கூரை ஒழுகுவதுண்டு. ஓடுகள் முறைப்படி வேயப்படாமையே அதற்குக் காரணம். மழைக்கு முன் கமக்காரர் பின்வருவனவற்றைக் கவனித்தல் வேண்டும்.

1. மரச்சட்டம்: ஓடு எவ்வளவு நல்லதாயினும் அதைத் தாங்குவது மரமே. கண்டிக்கு அண்மையிலுள்ள எம்பெக்கே தேவாலயம் 14ஆம் நூற்றாண்டில், மூன்றாம் விக்கிரமபாகு மன்னன் காலத்தில் எழுந்தது. அங்கே 26 கைமரங்கள் ஒரே மர ஆணியிற் பொருத்தப்பட்டிருப்பதை இன்றும் காணலாம். களஞ்சியத்திற் கைமரம் வளைந்துள்ளதா, கறையான் அரித்துள்ளதா என உள்ளிருந்து பார்க்க வேண்டும். கைமரம் தாழ்ந்த இடத்தில் ஓடுகளின் பொருத்து விரியும்.

2. சலாகை இடைவெளி: இரண்டு ஓடுகளை நிலத்தில் முறைப்படி ஒன்றன்மேலொன்று படிய வைத்து, ஒன்றின் மூக்கிலிருந்து மற்றதன் மூக்கு வரை அளக்க வேண்டும். அதுவே சலாகைகளின் இடைவெளி. சலாகைகள் அதனினும் விலகியிருந்தால் மேலோடு கீழோட்டிற் போதியளவு படியாது. காற்றோடு வரும் மழை உட்புகும். ஓட்டின் மூக்கு சலாகையிற் கொளுவாவிடின் ஓடு நாளடைவிற் சறுக்கும்.

3. சரிவு: கள்ளிக்கோட்டை ஓட்டுக்கு ஏறத்தாழ 30 பாகைச் சரிவு ஏற்றது. அதாவது, கிடையாக 12 அங்குலத்துக்கு 7 அங்குலம் உயர வேண்டும். சரிவு குறைந்தால் நீர் விரைந்து வடியாது.

4. முகடும் கூரைச் சந்தும்: முகட்டோட்டுச் சாந்து வெடித்திருந்தால் அதனை அகற்றிப் புதிதாகப் பூச வேண்டும். இரு கூரைகள் கூடும் சந்திற் சருகு தேங்கவிடலாகாது. குரங்குகள் நடமாடும் இடங்களில் முகட்டையும் கூரையோரத்தையும் அடிக்கடி பார்ப்பது நன்று.

ஒழுக்கு விழும் இடத்துக்கு நேர்மேலேயே பிழை இருக்குமென எண்ணுதல் தவறு. நீர் கைமரத்தின் வழியே ஓடிவந்து வேறிடத்திற் சொட்டும். ஆகவே, ஈரக்கறையைப் பின்பற்றி மேல்நோக்கித் தேட வேண்டும். காணாவிடின், ஒருவர் உள்ளே நிற்க, மற்றவர் கூரையோரத்தில் தொடங்கி வரிசை வரிசையாக மேல்நோக்கி நீர் வார்த்துப் பார்க்கலாம்.

ஓடுகளின் பொருத்துகளைச் சீமெந்தினால் அடைப்பது பரிகாரமன்று. அது வெடித்து, வடிய வேண்டிய நீரை உள்ளே தேக்கும். ஓட்டைக் கழற்றிச் சலாகையைத் திருத்தி மீண்டும் வேய்வதே முறை. பாசி படிந்த ஈர ஓட்டில் ஏறலாகாது. உலர்ந்த நாளில், கூரைமேல் ஏணியைக் கிடத்தி அதன்மீதே ஏற வேண்டும்.

அறுவடைக்கு முன், களஞ்சியம் வெறுமையாக உள்ளபோதே இவ்வேலையை முடித்தல் சிறந்தது. ஒரு நாட் கவனம் ஒரு போகத்தின் பலனைக் காக்கும்.