சவ்வைக் கடக்கும் தண்ணீர்

நீரை மட்டும் ஊடுருவ விட்டு உப்பைத் தடுக்கும் சவ்வின் வழியே, உப்பு குறைந்த நீர் உப்பு மிகுந்த நீரை நோக்கித் தானாகவே நகர்வது சவ்வூடுபரவல் எனப்படும். உப்புநீரின் பக்கம் போதிய அழுத்தம் கொடுத்து அந்த ஓட்டத்தைத் திருப்பிவிடுவதே, வீடுகளில் ‘ஆர்.ஓ.’ என வழங்கும் எதிர்ச் சவ்வூடுபரவல் ஆகும். 1960ஐ ஒட்டி, கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப், சீனிவாச சௌரிராஜன் இருவரும் உருவாக்கிய செல்லுலோஸ் அசிடேட் சவ்வே இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

சமையலறைச் சுவரில் தொங்கும் கருவியில் நீர் முதலில் மண்ணையும் துருவையும் பிடிக்கும் வடிகட்டியையும், பிறகு கரி வடிகட்டியையும் கடக்கிறது. கரி சுவைக்காக மட்டும் என்று எண்ணுவது தவறு. இன்றைய பாலிஅமைடு சவ்வைக் கெடுக்கும் குளோரினை அதுவே முன்னதாக ஈர்த்துக்கொள்கிறது. அடுத்து சிறு பம்பு அழுத்தத்தைக் கூட்ட, ஏறத்தாழ ஓர் அடி நீளக் குழலுக்குள் பாய் போலச் சுருட்டப்பட்ட சவ்வுத் தாள்களின் ஊடே கசியும் நீர் நடுக்குழாயில் சேர, எஞ்சிய நீர் உப்புகளைச் சுமந்துகொண்டு கழிவுக்குழாய் வழியே வெளியேறுகிறது. சிக்கனம் கருதி அக்குழாயை அடைப்பது வீண் முயற்சி. உப்பு சவ்வின் மேலேயே படிந்து அதை அடைத்துவிடும்.

இந்தியத் தரநிர்ணயப்படி குடிநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. அந்த அளவுக்குள் இருந்து, ஃபுளோரைடு போன்ற தனிக் கேடும் இல்லாத நீருக்கு இக்கருவி தேவையில்லை.