கொற்கைத் தெருவுக்கு அடியில்

1954ஆம் ஆண்டில் லண்டன் நகரின் நடுவே, போரில் குண்டு விழுந்து இடிந்துபோன ஓரிடத்தில் புதிய அலுவலகக் கட்டடம் எழுப்ப மண்ணைத் தோண்டினார்கள். ரோமானியர் மித்ரா என்னும் தெய்வத்துக்கு எடுத்த கோயிலின் சுவர்கள் வெளிப்பட்டன. இன்று அவற்றைப் பார்க்க விரும்புகிறவர் தெருமட்டத்திலிருந்து 7 மீட்டர் கீழே இறங்கவேண்டும். வீடு இடிந்தால் அந்த மண்மேலேயே அடுத்த வீட்டைக் கட்டுகிறோம். குப்பை சேர்கிறது, பாதை மேடாகிறது. இப்படியே பல நூற்றாண்டுகள் சென்றால் பழைய ஊர் காலடிக்குக் கீழே போய்விடுகிறது.

இதுபோன்ற ஊர் நம்மிடமும் உண்டு. தூத்துக்குடிக்குத் தெற்கே, ஏரலுக்கு அருகில் உள்ள கொற்கையே அது. இன்று அங்கே வயல், வாழைத் தோட்டம், குளம், சில தெருக்கள், இவைதாம் கண்ணில் படும். கடலோ கிழக்கே பல கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆனால் ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்' என்னும் கிரேக்க நூல் இதைக் 'கொல்கி' என்று குறிப்பிட்டு, பாண்டியனுக்கு உரிய இந்த இடத்தில் தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு முத்துக் குளித்தனர் என்கிறது. தாலமி என்ற நில நூலாசிரியர் மன்னார் வளைகுடாவுக்கே கொற்கையின் பெயரை இட்டார். துறைமுகமாக இருந்தது எப்படி வயற்காடாயிற்று?

இதற்கு விடை தாமிரபரணியில் இருக்கிறது. பொதிகை மலையிலிருந்து வேகமாக இறங்கும் ஆறு வண்டல் மண்ணைச் சுமந்து வருகிறது. கடலை நெருங்கியதும் அதன் வேகம் குறைகிறது. வேகம் குறைந்த நீரால் மண்ணைச் சுமக்க முடியாது, அங்கேயே போட்டுவிடுகிறது. ஆண்டுதோறும் இப்படி மண் விழ, கரை கிழக்கே நகர்ந்துகொண்டே போகிறது. கொற்கை தூர்ந்ததும் வணிகர்கள் கடலைத் தேடிக் காயலுக்குப் போனார்கள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டு எழுதிய துறைமுகம் இந்தக் காயல்தான். அதுவும் தூர்ந்தது. இன்று ஆறு புன்னைக்காயலில் கடலில் கலக்கிறது. கப்பல்களோ வடக்கே தூத்துக்குடிக்குப் போய்விட்டன.

19ஆம் நூற்றாண்டில் கால்டுவெல் பாதிரியார் கொற்கையில் தோண்டிப் பார்த்தார். வயல் மண்ணுக்குக் கீழே கடல் சிப்பிகள் கிடந்தன. முறையான அகழாய்வைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1968-69இல் நடத்தியது. செங்கல் கட்டடப் பகுதி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சுடுமண் உறைகள், அறுத்த சங்குகள் ஆகியவை கிடைத்தன. அவற்றைவிட முக்கியமானது ஒரு சிறு கரித்துண்டு.

கரிக்கு என்ன அவ்வளவு மதிப்பு? மரம் உயிரோடிருக்கும்வரை காற்றிலிருந்து கதிரியக்கக் கார்பனைச் சிறிதளவு ஏற்றுக்கொண்டே இருக்கும். வெட்டியதும் வரவு நின்றுவிடும்; இருப்பு மட்டும் சிதையும். 5,730 ஆண்டுகளில் பாதி போய்விடும். கொற்கைக் கரியின் காலம் ஏறத்தாழ கி.மு. 785 என்று கணக்கிட்டார்கள். அப்படியானால் அதில் தொடக்கத்தில் இருந்ததில் நூற்றுக்குச் சுமார் 72 பங்கு எஞ்சியிருந்தது என்று பொருள். கணக்கில் முன்பின்னாக நூறாண்டு பிசகலாம். எப்படிப் பார்த்தாலும், ரோமப் பேரரசு தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கொற்கையில் மக்கள் அடுப்பு மூட்டியிருக்கிறார்கள்!

'அப்படியானால் அடியில் கிடக்கும் செங்கல் சுவர்கள் ரோமானியர் கட்டியவையா?' என்று மாணவர்கள் கேட்பதுண்டு. இல்லை. செங்கல்லே இதைச் சொல்லிவிடும். ரோமானியரின் செங்கல் பெரும்பாலும் தட்டையானது, பலகை போன்றது. தடிமன் சுமார் 4 செ.மீ. நம் நாட்டுப் பழைய செங்கல்லில் தடிமனைப்போல் மூன்று மடங்கு அகலமும் ஆறு மடங்கு நீளமும் இருக்கும். உதாரணமாக 7 செ.மீ. தடிமன் என்றால் 21 செ.மீ. அகலம், 42 செ.மீ. நீளம். தூக்கிப் பார்த்தால் கை வலிக்கும்.

புதுச்சேரிக்கு அருகில் அரிக்கமேட்டில் இந்தக் குழப்பம் உண்மையாகவே நேர்ந்தது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே இத்தாலிய மட்பாண்டங்களையும் நீண்ட செங்கல் கட்டடம் ஒன்றையும் கண்டார். கட்டடம் பண்டகசாலையாக இருக்கலாம் என்று அவர் கருதினார். அது முதல் பலரும் அதை 'ரோமானிய வணிக நிலையம்' என்றே எழுதினர். பிறகு 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி நடத்திய ஆய்வில், இத்தாலியச் சரக்கு வருமுன்பே அங்கு ஊர் இருந்தது தெளிவாயிற்று. ரோமாபுரிச் சாடி கிடைத்தது என்பதற்காகச் சுவரையும் ரோமாபுரிக்குக் கொடுத்துவிடுவது அவசரப் புத்திதான். நம் வீட்டில் ஜப்பான் கடிகாரம் இருந்தால் வீடு ஜப்பானியருடையது ஆகிவிடுமா?

2021இல் தொல்லியல் துறை மீண்டும் கொற்கையில் இறங்கியது. துளையிட்ட ஒன்பது அடுக்குச் சுடுமண் குழாய், சங்கு வளையல்கள், மணிகள் முதலியன வெளிவந்தன. ஆனால் ஊர் முழுவதையும் தோண்ட முடியாது. அங்கே மக்கள் குடியிருக்கிறார்கள். வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையில், தோட்டத்து ஓரத்தில், சிறு சிறு சதுரக் குழிகள்தாம் தோண்ட இயலும். புத்தகத்தின் பத்துப் பக்கங்களை மட்டும் படித்துக் கதை சொல்வது போன்ற வேலை இது.

மீதிப் பக்கங்கள் வீட்டு அஸ்திவாரத்துக்கும் கிணற்றுக்கும் தோண்டும்போது கிழிகின்றன. இரண்டாயிரம் ஆண்டுகள் படிந்த அடுக்கை மண்வெட்டி ஒரு காலைப்பொழுதில் கலைத்துவிடும். ஆகவே, அந்தப் பக்கத்தில் தோண்டும்போது சுடுமண் உறையோ பெரிய செங்கல்லோ தென்பட்டால், அதைப் பெயர்த்து வீட்டுக்குக் கொண்டுபோகாமல் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு வட்டாட்சியர் அலுவலகத்துக்குச் சொல்லியனுப்பவேண்டும். எந்த ஆழத்தில், எந்த நிற மண்ணில், எதன் பக்கத்தில் அது கிடந்தது என்பதில்தான் செய்தி இருக்கிறது. கையில் எடுத்துவிட்டால் அது வெறும் செங்கல்.