ஒரு கால் மட்டும் நீலம் பாரித்தால்

பிறந்த குழந்தையின் கைகால்கள் முதல் ஓரிரு நாள் லேசாக நீலம் பாரித்திருந்தால் காரைக்கால் பக்கம் குரும்பகரத்துப் பாட்டிகள் பதற மாட்டார்கள், அது சரிதான். நான்கும் ஒன்றுபோல் இருக்கும், உதடும் நாக்கும் சிவந்திருக்கும், அம்மாவின் சூட்டில் தானாகத் தெளிந்துவிடும். ஆனால் ஒரு கால் மட்டும், அல்லது ஒரு கையில் இரண்டு விரல் மட்டும் வெளிறியோ கறுத்தோ சில்லிட்டுக் கிடந்தால் கதை வேறு. அங்கே ரத்த ஓட்டம் தடைப்பட்டிருக்கலாம்.

அபூர்வமான கோளாறுதான். வந்துவிட்டாலோ சில மணி நேரத்தில் முற்றும். மூன்று கிலோ குழந்தையின் உடம்பில் ஓடும் மொத்த ரத்தமே கால் லிட்டர் அளவுதான். மணிக்கட்டுத் தமனியின் விட்டம் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். அதற்குள் சின்னதாக ஒரு ரத்தக்கட்டி போதும்.

அடைப்பு பெரும்பாலும் வருவது, உயிர்காக்கச் செய்யும் சிகிச்சையின் ஓரத்திலிருந்துதான். வெட்டிய தொப்புள்கொடியை உற்றுப் பார்த்தால் மூன்று துளைகள் தெரியும்: பெரிதாக ஒரு சிரை, சிறிதாக இரண்டு தமனிகள். குறைமாதக் குழந்தைக்கு அந்தத் தமனி வழியாக மெல்லிய குழாயை மகாதமனி வரை செலுத்துவார்கள். குழாயின் நுனியில் ரத்தம் உறைந்தால் கட்டி கீழிறங்கிக் காலை அடைக்கும். ரத்தத்தில் கிருமித்தொற்று, தாய்க்குச் சர்க்கரை நோய் இருந்து பிள்ளையின் ரத்தம் கெட்டிப்படுவது ஆகியவையும் காரணமாகலாம். ரத்தம் உறையாமல் காக்கும் புரதம் பிறவியிலேயே இல்லாத குழந்தைகளும் உண்டு. நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் செய்யும் குடும்பங்களில் இதற்கு வாய்ப்பு கூடுதல்.

2023 ஜூலையில் சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையில் ஒன்றரை வயதுக் குழந்தையின் வலது கை அகற்றப்பட்டதைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். குறைமாதத்தில் பிறந்த பிள்ளை அது. டிரிப்ஸ் ஏற்றிய கையின் நிறம் மாறியதைச் சொல்லியும் கவனிக்கவில்லை என்றார் தாய். கிருமித்தொற்றால் ரத்தக்குழாய் அடைத்தது என்றது விசாரணைக் குழு. காரணம் எதுவானாலும், நிறம் மாறுவதை முதலில் பார்ப்பது பெரும்பாலும் பெற்றவள்தான்.

வீட்டிலும் வினை உண்டு. கத்திரி வெயிலில் தாய்ப்பால் போதாமல் நீர்வற்றும் சிசுவுக்கு ரத்தம் கெட்டிப்படும். நாளுக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போகிறதா என்று எண்ண வேண்டும். மணிக்கட்டில் கறுப்புக் கயிறு, வசம்பு வளையல், இடுப்பில் அரைஞாண் எல்லாம் இருக்கட்டும். அடியில் ஒரு விரல் தாராளமாக நுழைய வேண்டும். பிள்ளை பெற்ற சில மாதத்தில் அம்மாவுக்கு முடி கொட்டும். காலுறைக்குள் விழுந்த ஒற்றை முடி கால்விரலைச் சுற்றி இறுக்கிவிடும். ஓயாமல் அழும் பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள்.

சந்தேகம் வந்தால் எண்ணெய் நீவுவது, வெந்நீர் ஒத்தடம் இரண்டும் கூடாது. ரத்தம் ஓடாத தோல் சட்டென்று வெந்துபோகும். 108-ஐ அழைத்து நேரே காரைக்கால் அரசு பொது மருத்துவமனைக்குப் போவதே நல்லது. மேல்சிகிச்சைக்குப் புதுச்சேரி ஜிப்மர் என்றால் 130 கிலோமீட்டருக்கு மேல்; தஞ்சாவூர் அதைவிடக் கிட்டே. பயணத்துக்கு முன்பே அங்கே போனில் சொல்லிவைத்தால் நேரம் மிச்சம்.

தொப்புள் தமனியில் குழாய் இருந்தால் மருத்துவர்கள் முதலில் அதை எடுப்பார்கள். பாதித்த காலைத் தொடாமல், நல்ல காலுக்கு வெதுவெதுப்பு கொடுப்பார்கள்; ஒரு பக்கம் ரத்தக்குழாய் விரிந்தால் மறுபக்கமும் விரியும். பிறகு ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின், ரத்தக்குழாயை விரிக்கும் நைட்ரோகிளிசரின் களிம்பு. கறுத்துவிட்டாலும் உடனே வெட்ட மாட்டார்கள், தொற்று பரவாத வரை. செத்த தசைக்கும் உயிருள்ள தசைக்கும் நடுவே கோடு தெளியச் சில வாரம் காத்திருப்பார்கள். கணுக்கால் வரை போய்விடும் என்று அஞ்சியது, சில நேரம் விரல் நுனியோடு நின்றுவிடும்.