சினிமா எடுத்த கம்ப்யூட்டருக்கு ஞாபகம் போச்சு!

பேட்டரி செய்த வேலை: எந்த 'சிஸ்டம்' ஏற்றினால் பிழைக்கும்?

1995-ல் வெளிவந்த 'டாய் ஸ்டோரி' முழுக்க முழுக்கக் கம்ப்யூட்டரிலேயே உருவான முதல் முழு நீளப் படம். அதற்காக அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலம் ரிச்மண்ட் நகரில், 117 எந்திரங்கள் இராப்பகலாக ஓடின. அத்தனையும் 'சன் மைக்ரோசிஸ்டம்ஸ்' கம்பெனியின் 'ஸ்பார்க்ஸ்டேஷன் 20' ரகம்.

அதே ரக எந்திரத்தைப் பழைய சாமானாக வாங்கி, தூசி தட்டி ஓட்டிப் பார்க்க இன்றும் அங்கே ஆள் இருக்கிறது. ஆனால் சன் கம்பெனி 2010-ல் ஆரக்கிள் கைக்குப் போய்விட்டது. ரிப்பேர் என்றால் கேட்க நாதி இல்லை.

ஆசையோடு சுவிட்சைப் போட்டால் திரையில் வருவது என்ன? "அடையாளச் சிப்பில் உள்ள விவரம் செல்லாது!"

யார் குற்றவாளி?

உள்ளே விரல் அளவில் ஒரு சிப். தேதி, மணி, நெட்வொர்க் முகவரி, எந்திரத்தின் அடையாள எண் எல்லாம் அதில்தான். அதைக் காப்பாற்றும் பேட்டரியும் அதற்குள்ளேயே வைத்து மூடப்பட்டிருக்கிறது. ஆயுள் சுமார் 10 வருடம். பேட்டரி செத்தது, ஞாபகமும் போச்சு.

ரேஷன் கார்டு தொலைந்த குடும்பத்தின் கதிதான். அடையாள எண்ணைப் பார்த்துத் திறக்கும் விலை உயர்ந்த புரோகிராம்கள், எண் மாறினால் திறக்க மறுக்கும். பேட்டரி உயிரோடு இருக்கும்போதே எண்ணைப் பேப்பரில் குறித்து வைத்தவர் கெட்டிக்காரர்.

வைத்தியம் உண்டு. புதுச் சிப் வாங்கிப் போட்டு, பழைய விவரங்களைக் கையால் தட்டி ஏற்றலாம். துணிச்சல்காரர்கள் சிப்பின் மண்டையை அறுத்து, ஒயர் இழுத்து, வெளியே வட்ட பேட்டரியை ஒட்ட வைக்கிறார்கள்.

எதை ஏற்றுவது?

அடுத்த தலைவலி ஆபரேட்டிங் சிஸ்டம். எந்திரத்தை ஆட்டிவைக்கும் மூலப் புரோகிராம் இது.

1994-ல் வந்த 'சன் ஓ.எஸ். 4.1.4' இந்த எந்திரத்தின் வயதுக்காரன். சுறுசுறுப்பு. ஆனால் பிராசசர் ஒன்றுக்கு மேல் இருந்தால் ஒழுங்காக வேலை வாங்கத் தெரியாது. டாய் ஸ்டோரி எந்திரங்களில் இரண்டும் நான்கும் இருந்தன!

அடுத்தது 'சோலாரிஸ்'. 2002-ல் வந்த 9-வது பதிப்பு வரை ஏறும். 2005-ல் வந்த 10-வது பதிப்புக்கு 64 பிட் பிராசசர் வேண்டும்; இதுவோ 32 பிட். தெரியாமல் வாங்கியவர் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். 9-ம் இதற்குக் கொஞ்சம் பாரம். 1997-ல் வந்த 2.6 அளவான சட்டை.

மூன்றாவது 'நெட் பி.எஸ்.டி.' தொண்டர்கள் தயாரிப்பது, இலவசம். இதன் உறவுக்காரரான 'ஓப்பன் பி.எஸ்.டி.' 2016-ல் வந்த பதிப்போடு இந்த 32 பிட் ரகத்தைக் கைகழுவியது. நெட் பி.எஸ்.டி. கைவிடவில்லை; 2024-ல் வெளியான 10-வது பதிப்பும் ஓடுகிறது.

அந்தக் கால சாப்ட்வேரை அப்படியே பார்க்க ஆசையா? சன் சரக்குதான் சரி. இன்டர்நெட்டில் இணைக்க வேண்டுமா? நெட் பி.எஸ்.டி.தான். பழைய சோலாரிஸை இணைப்பது, கதவைத் திறந்து போட்டுவிட்டு ஊருக்குப் போவதற்குச் சமம்.

கோட்டை விடும் இடம்

ஏற்றுகிற அவசரத்தில் பலர் பழைய டிஸ்க்கை அப்படியே அழித்துவிடுகிறார்கள். அதில் முன்பு வைத்திருந்தவரின் வேலை இருக்கலாம். வேறெங்கும் பிரதி இல்லாத புரோகிராம் இருக்கலாம். அழித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு பயனில்லை. முதலில் முழு டிஸ்க்கையும் வேறொன்றில் நகல் எடுத்துவிட்டுத்தான் மறுவேலை.

சி.டி. டிரைவும் சதி செய்யும். சாதாரண டிரைவ் தகவலை 2048 பைட் துண்டுகளாகத் தரும். சன் எந்திரமோ 512 பைட் துண்டு கேட்கும். இது தெரியாமல் சி.டி.யைக் குறை சொல்லி, மாற்றி மாற்றிப் போட்டு ராத்திரியைத் தொலைப்பவர்கள் உண்டு.

எல்லாம் சரியென்றால் 'ஸ்டாப்', 'ஏ' இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்தணும். திரையில் 'ஓகே' என்று வரும். 'பூட் சிடிரோம்' என்று அடித்தால் வேலை ஆரம்பம்.

சோலாரிஸ் என்றால் பெயர் என்ன, எந்த ஊர் நேரம், இன்று என்ன தேதி, மணி எத்தனை என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். பாவம், அதற்குத்தான் எல்லாமே மறந்துபோச்சே!